நின்று நின்றே இறுகிப்போன இன்ஜின்: பழைய டிராக்டரை எடைக்குப் போடும் முன்னால்

உழவைக் குறைத்தோம், மூடாக்குப் போட்டோம், மண் பொலபொலவென்று ஆகிவிட்டது. எல்லாம் சந்தோசந்தான். ஆனால் இயற்கை வழிக்கு வந்த தோட்டங்களில் பழைய டிராக்டர் மட்டும் வேலையில்லாமல் நிற்கிறது. தென்னைக்குள் மட்டையும் சருகும் கிடக்கும்போது கலப்பைக்கு என்ன வேலை? பல தானியம் விதைக்க ஒரு ஓட்டு, பூவெடுத்ததும் மடக்கி உழ ஒரு ஓட்டு, எரு அடிக்க டிரெய்லர். மீதி மாதமெல்லாம் வேப்பமரத்தடிதான். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "இன்ஜின் புடிச்சுக்கிச்சுங்க" என்பார் மெக்கானிக். அடுத்த வாரம் பழைய இரும்பு எடுக்கிறவர் வாசலில் நிற்பார்.

அவரைக் கொஞ்ச நாள் காத்திருக்கச் சொல்லுங்கள். ஓடாமல் நின்று இறுகின இன்ஜினை எண்ணெயும் பொறுமையும் கொண்டு விடுவிக்க நல்ல வாய்ப்பு உண்டு. கெடுக்கிறது நம்ம அவசரந்தான்.

எதற்காகக் காப்பாற்ற வேண்டும்?

நம்ம பக்கம் அடிக்கடி பார்க்கிற பழைய வண்டி மாசி பெர்குசன் 1035. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வண்டி. உள்ளே இருப்பது சிம்சன் கம்பெனியின் மூணு சிலிண்டர் இன்ஜின். 1840-ல் சென்னையில் கோச் வண்டி கட்டத் தொடங்கிய சிம்சன், பிற்காலத்தில் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் நிறுவனத்து உரிமத்தில் டீசல் இன்ஜின் செய்தது. அந்த வழியில் வந்த இன்ஜின் இது. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. கழற்றிப் பார்த்தால் கண்ணுக்குப் புரியும். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் வந்த புகை விதிக்குப் பிறகு, அந்த வண்டிகளில் டீசல் செலுத்துவதே மின்னணுக் கட்டுப்பாட்டுக்குப் போய்விட்டது. அவற்றை வீட்டு ஸ்பேனரால் திறந்து பார்க்க முடியாது.

எடையும் ஒரு காரணம். 1035 ஏறக்குறைய 1,700 கிலோதான். பெரிய வண்டியைவிட மண்ணை அமுக்குவது குறைவு. மேலும், 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்த ஊர் கோயமுத்தூர். கணபதி, பீளமேடு பக்கம் போனால் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டுக் கடன் வாங்கிப் புது வண்டி எடுத்தால், உரமும் மருந்தும் வாங்காமல் மிச்சம் பிடித்த காசு வட்டிக்குத்தான் போகும்.

எப்படி இறுகுகிறது?

இரண்டு வகை உண்டு. முதலில் எந்த வகை என்று தெரியணும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றது என்றால், ஆயில் இல்லாமலோ ரேடியேட்டர் தண்ணி காலியாகியோ சூட்டில் உலோகமும் உலோகமும் உரசிக் கடித்துக்கொண்டது என்று அர்த்தம். அதற்கு எண்ணெய் ஊற்றிக் காத்திருந்து பயனில்லை. இன்ஜினைப் பிரித்தே ஆகணும்.

நல்லா ஓடி நிறுத்தின வண்டி நின்ற இடத்திலேயே இறுகினது என்றால் அது துரு. லைனர் வார்ப்பிரும்பு, ரிங்கும் பெரும்பாலும் அதுவே. பிஸ்டன் மட்டும் அலுமினியம். மூடியில்லாத சைலன்சர் வழியாக மழைத்தண்ணி இறங்குகிறது. மூணு சிலிண்டர் இன்ஜின் எங்கே நின்றாலும் ஏதாவது ஒன்றில் எக்சாஸ்ட் வால்வு பெரும்பாலும் திறந்தே இருக்கும். தண்ணி அதற்குள் போய் உட்கார்ந்து, ரிங்கும் லைனரும் தொடும் இடத்தில் துரு பிடித்து இரண்டையும் ஒட்ட வைக்கிறது. அதனால்தான் பலமுறை மூணும் இறுகுவதில்லை, ஒரே ஒரு சிலிண்டர் மொத்த இன்ஜினையும் பிடித்து வைத்திருக்கும். இந்தக் கட்டுரை இந்த இரண்டாம் வகைக்கு.

உண்மையில் இறுகினது இன்ஜின்தானா?

கியரை நியூட்ரலில் போட்டு, பி.டி.ஓ. லீவரை விடுவித்துவிட்டுப் பாருங்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு செல்ஃப் மோட்டாரை இறக்குங்கள். அதன் பல் ஃப்ளைவீல் பல்லில் மாட்டிக்கொண்டு நின்றாலும் இன்ஜின் இறுகின மாதிரியே தெரியும். ஃபேன் பெல்ட்டையும் கழற்றுங்கள். தண்ணி பம்போ டைனமோவோ இறுகியிருக்கலாம். இவ்வளவு செய்தும் கிராங்க் புல்லி அசையவில்லை என்றால் இன்ஜின்தான்.

செய்யக் கூடாதவை

இன்னொரு டிராக்டரில் கட்டி இழுத்து கிளட்சை விடுவது நம்ம ஊரில் எல்லாரும் சொல்கிற வைத்தியம். தயவுசெய்து வேண்டாம். உள்ளே தண்ணி நின்றிருந்தால் அது அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். வால்வு ஒட்டியிருந்தால் புஷ் ராடு வளையும். டீசல் பம்ப் இறுகியிருந்தால் அதன் ஷாஃப்ட் முறியும். செல்ஃபைத் திரும்பத் திரும்ப அடிப்பது, ஸ்பேனரில் நீளக் குழாய் மாட்டித் தொங்குவது, பிளாக்கை நெருப்பு வைத்துச் சூடேற்றுவது, இவையும் வேண்டாம். சின்ன வேலை பெரிய வேலை ஆவது இந்த இடத்தில்தான்.

விடுவிக்கும் முறை

1. சம்ப் போல்ட்டைத் திறந்து ஆயிலை வடியுங்கள். தண்ணி கனமானது, அதனால் முதலில் அதுதான் வரும். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணி கலந்திருக்கிறது. மழைத்தண்ணியா, ஹெட் கேஸ்கட் போய் ரேடியேட்டர் தண்ணியா என்று பின்னால் பார்க்கணும்.

2. மூணு நாசிலையும் கழற்றுங்கள். சுற்றியுள்ள மண்ணை முதலில் சுத்தம் பண்ணிவிட்டே கழற்றணும். குழாய் வாய்களைச் சுத்தமான துணியால் கட்டிவிடுங்கள். எண்ணெய் ஊற்றவும், உள்ளே இருப்பது வெளியேறவும் இதுதான் வழி.

3. ராக்கர் கவரைத் திறந்து, மூடியிருக்கிற வால்வு ஒவ்வொன்றின் தலையிலும் மரச் சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பிரிங் மாதிரி துள்ளித் திரும்பினால் நல்லது. ராக்கர் அமுக்காமலே ஒரு வால்வு கீழேயே நின்றால் ஒட்டியிருக்கிறது. அதன் தண்டிலும் எண்ணெய் விடுங்கள்.

4. பாதி டீசல், பாதி ஏ.டி.எஃப். ஆயில் (பவர் ஸ்டீயரிங் எண்ணெய்) கலந்து நாசில் ஓட்டை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் 100 மில்லி வரை ஊற்றுங்கள். கரண்டியளவு போதாது. பிஸ்டன் தலையில் ஒரு குழி இருக்கிறது. கொஞ்சமாக ஊற்றினால் அந்தக் குழியிலேயே நின்றுவிடும், ஓரத்து ரிங்குக்குப் போய்ச் சேராது. பிஸ்டன் உச்சியில் நிற்கிற சிலிண்டரில் கொஞ்சத்திலேயே நிரம்பிவிடும்.

5. தினமும் காலையில் பார்த்து, குறைந்த அளவுக்கு ஊற்றுங்கள். எந்தச் சிலிண்டரில் எண்ணெய் இறங்காமல் அப்படியே நிற்கிறதோ அதைக் கவனித்து வையுங்கள். ரேடியேட்டரில் வெதுவெதுப்பான தண்ணி, அடுத்து இன்னும் சூடான தண்ணி என்று மாற்றி மாற்றி ஊற்றி வடித்தால் பிளாக் கொஞ்சம் விரிந்து எண்ணெய் இறங்க உதவும்.

6. மூணாம் நாளிலிருந்து அசைத்துப் பாருங்கள். புல்லியிலும் பிளாக்கிலும் ஒரே நேராகச் சாக்பீஸ் கோடு போட்டுவிடுங்கள், மயிரிழை அசைந்தாலும் தெரியும். செல்ஃப் மோட்டார் இருந்த ஓட்டை வழியாக ஒரு கம்பியை ஃப்ளைவீல் பல்லில் கொடுத்து மெல்ல நெம்புங்கள். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். ஒரு கை பலம் போதும். அசையவில்லையா, விட்டுவிட்டு அடுத்த நாள் வாருங்கள்.

7. அசைந்துவிட்டால் ஒரே மூச்சில் சுற்றிவிட ஆசை வரும். வேண்டாம். அசைந்த தூரம் வரை முன்னும் பின்னும் ஆட்டி, எண்ணெய் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டணும். உதிர்ந்த துருப்பொடி ரிங்குக்குக் கீழே மாட்டினால் லைனரில் கோடு விழும்.

கிணத்துக்கடவுப் பக்கம் உறவுக்காரர் தோட்டத்தில் இரண்டு மழைக்காலம் நனைந்து நின்ற ஒரு 1035-ஐ நான் எடுத்தேன். ஒரு ஒர்க்ஷாப்பில் "இன்ஜினே மாத்தணும்" என்று சொன்னதாக அவர் சொன்னார். முதல் பத்து நாள் ஒன்றுமே நடக்கவில்லை. பதினோராம் நாள் காலையில் கோடு ஒரு நெல் அளவு விலகியது. முழுச் சுற்று சுற்ற இன்னும் நாலு நாள் ஆனது. நடு சிலிண்டர்தான் பிடித்திருந்தது.

மோர், மொலாசஸ் ஊற்றலாமா?

நம்மவர்கள் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். புளித்த மோரும் மொலாசஸும் துருவை எடுக்கும், உண்மைதான். ஒரு பங்கு மொலாசஸுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து, துருப்பிடித்த போல்ட், கலப்பைக் கொழு இவற்றை ஒன்றிரண்டு வாரம் ஊறப்போட்டால் வெளுத்துவிடும். ஆனால் அது கழற்றின இரும்புக்கு மட்டும். பிஸ்டன் அலுமினியம், அதை அரித்துவிடும். சிலிண்டருக்குள் எண்ணெய் மட்டுந்தான்.

மூணு வாரமாகியும் அசையவில்லை என்றால்

ஹெட்டைக் கழற்றணும். இதற்குப் பழகின மெக்கானிக் பக்கத்தில் இருப்பது நல்லது. எந்தச் சிலிண்டர் என்று பார்த்தவுடன் தெரியும். பிஸ்டனுக்கு மேலே தெரிகிற லைனர் துருவை மெல்லிய எமரித்தாளால் எடுத்துவிட்டு, பிஸ்டன் அகலத்துக்கு ஒரு மரக்கட்டை வைத்துத் தட்டலாம். ஒரு விசயம்: பிஸ்டன் நடுவில் நின்றால்தான் தட்டினால் இறங்கும். உச்சியில் நின்றால் ராடு நேராக கிராங்க் மேல் நிற்கும், எவ்வளவு அடித்தாலும் அடி பேரிங்குக்குத்தான் போகும். அப்போது கீழே சம்பைத் திறந்து ராடைக் கழற்றணும். லைனருக்கு வெளியே நேரடியாகத் தண்ணி நிற்கிற வெட் லைனர் இன்ஜின் என்றால், லைனர் இடம் நகராமல் மேலே பட்டை வைத்துப் பிடித்த பிறகே எதையும் செய்யணும். லைனரில் நகம் மாட்டுகிற அளவுக்குக் குழி இருந்தால் புது லைனரும் ரிங்கும் போடுவதே மேல்.

சுற்றியதும் ஸ்டார்ட் பண்ணாதீங்க

நாசில் இல்லாமலே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஓட்டைகளில் எண்ணெய் பீய்ச்சும், துணி போர்த்தி முகத்தை விலக்கி வையுங்கள். பிறகு புது ஆயில், புது ஆயில் ஃபில்டர். டீசல் டேங்கின் அடியில் தண்ணியும் சகதியும் இருக்கும், வடித்துக் கழுவி டீசல் ஃபில்டரும் மாற்றணும். காற்று வடிகட்டிக் கிண்ணத்தையும் சுத்தம் பண்ணுங்கள். டீசலை நிறுத்தும் நாபை இழுத்து வைத்துக்கொண்டு, ஆயில் பிரஷர் முள் எழும்பும் வரை செல்ஃபில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். அப்புறம் நாசில்களைப் புதுச் செம்பு வாசருடன் மாட்டி, டீசல் லைனில் காற்று எடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டில் ஒருத்தர் கையில் பலகையோடு காற்றுக் குழாய் பக்கத்தில் நிற்கணும். உள்ளே மிச்சமிருக்கிற எண்ணெயைக் குடித்து இன்ஜின் தானாக வேகமெடுத்தால், நாபை இழுத்தாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைக்காதீங்க, இழுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் புகை கக்கும், பயப்பட வேண்டாம். பாரம் இல்லாமல் ஓட்டி, ஐந்து பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பின் ஆயிலை மறுபடி மாற்றுங்கள். உதிர்ந்த துரு அதோடு போகும்.

வடித்த ஆயில் எங்கே போகிறது?

எரிந்த ஆயிலை வரப்பிலும் தென்னந்தூரிலும் ஊற்றுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் உலோகத் தூளும் எரிந்த டீசல் கசடும் இருக்கின்றன. 2016-ன் அபாயகரக் கழிவு விதிகளில் கழிவு எண்ணெயும் ஒன்று. மருந்தடிக்காத மண் என்று சொல்லி விளைச்சலை விற்கிற நாம் அதை மண்ணில் ஊற்றலாமா? கேனில் பிடித்து வைத்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரருக்கு அனுப்புகிற பட்டறையில் கொடுங்கள். தரையில் சிந்தாமல் கீழே தட்டு வைத்து மரத்தூள் போட்டு வேலை செய்யுங்கள்.

இனி இறுகாமல் இருக்க

• சைலன்சர் வாயில் எப்போதும் மூடி. ஒன்றும் இல்லையென்றால் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துக் கட்டுங்கள்.

• மரத்தடி வேண்டாம், சாளைக்குள் நிறுத்துங்கள்.

• இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி, நன்றாகச் சூடேறும் வரை அரை மணி நேரம் ஓட்டுங்கள். இரண்டு நிமிசம் ஓட்டி நிறுத்தினால் புகையில் இருக்கிற ஈரம் உள்ளேயே தங்கும்.

• மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால், புரட்டாசி முடிவதற்குள் ஆயிலை மாற்றி, டேங்கை நிரப்பி, நாசில் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டுக் கையால் சுற்றி வையுங்கள்.

நான் சொன்னது மூணு சிலிண்டர் மாசியில் கண்ட அனுபவம். போர்டு, எச்.எம்.டி., காற்றில் குளிரும் ஐச்சர் வண்டிகளில் இந்த வேலையைச் செய்து பார்த்த உழவர்கள் இதழுக்கு எழுதுங்கள், அடுத்தவர்களுக்கு உதவும்.