பிரக்ஞை இழந்தவருக்காக யார் பேசுவது?

தலைக்காயப் பிரிவில் பணிபுரியும் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இரவைக் காட்டிலும் திங்கட்கிழமைக் காலைதான் அச்சம் தருவது. முந்தின இரவு இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து, தானே எழுந்து வீடுவரை வந்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் படுத்த ஒருவர், வாயில் மதுவின் வாடை அடித்த ஒரே காரணத்தினால் "போதை தெளிஞ்சா எழுந்திருப்பான்" என்று விடப்பட்டு, விடிந்தபின் குறட்டையின் சத்தம் மாறியிருப்பதைக் கண்டு பதறியவர்களால் எங்களிடம் தூக்கிவரப்படும்போது, ஒரு கண்ணின் பாவை விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நின்றிருக்கும். மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே இரத்தம் கட்டும் வகைக் காயத்தில், இடையில் சில மணி நேரம் நோயாளி தெளிவாகப் பேசுவதுண்டு. அந்தத் தெளிவே வீட்டாரை ஏமாற்றுகிறது. உடனே வந்திருந்தால் எளிதாக முடிந்திருக்கக்கூடிய ஓர் அறுவைச் சிகிச்சை, எட்டு மணி நேரம் கழித்து, செய்யலாமா வேண்டாமா என்று குடும்பமே கூடி யோசிக்க வேண்டிய தர்மசங்கடமாக மாறிவிடுகிறது. அந்தத் தர்மசங்கடத்தைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

வழியில் நடக்கும் வைத்தியம்

அடிபட்டவர் எங்களிடம் வந்து சேருவதற்குள் அவருக்கு நடந்திருக்கும் உபசாரங்களைக் கேட்டால் கோபம் வரும். அரை மயக்கத்தில் இருப்பவருடைய வாயில் சோடாவையோ காபியையோ பாலையோ ஊற்றுகிறார்கள். விழுங்கும் சக்தி அற்ற தொண்டையில் ஊற்றிய திரவம் நுரையீரலுக்கே போகிறது, மூளைக் காயத்தோடு நிமோனியாவும் சேர்ந்துகொள்கிறது. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். இரும்புக்கும் வலிப்புக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. மூக்கில் தழைச்சாறு பிழிவதும், காயத்தில் காபிப்பொடி அப்புவதும் இன்னும் நின்றபாடில்லை. தலைவலிக்கிறது என்றதும் கடையில் ஆஸ்பிரின் வாங்கிக் கொடுக்கிறார்கள். கசியும் இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் மாத்திரையை இரத்தம் கசிகிறவருக்கே கொடுப்பதைவிட விபரீதம் வேறு என்ன இருக்கிறது?

படித்தவர்கள் செய்யும் தவறு வேறு வகையானது. "மூளை வீக்கம் குறைய ஊசி போட்டுத்தான் அனுப்பினோம்" என்று வழியிலுள்ள சிறு ஆஸ்பத்திரியிலிருந்து சீட்டு வருகிறது. அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தலைக்காய நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2004-இல் வெளிவந்தது. ஸ்டீராய்டு மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு இருபத்தொருவரும், பெறாதவர்களில் பதினெண்மரும் இரண்டு வாரத்துக்குள் இறந்தனர். நன்மை செய்யும் என்று முப்பதாண்டு நம்பிய மருந்து உயிரைக் குடித்துக்கொண்டிருந்தது என்பது அன்றே தெளிவாகிவிட்டது. ஆனால் சீட்டுகள் இன்னும் வந்தபடியே இருக்கின்றன. அதேபோல, மூளைக்குச் சத்து ஊசி என்று சிட்டிகோலின் எழுதித் தரும்படி உறவினர்கள் மன்றாடுவார்கள். 2012-இல் வெளியான பெரிய ஆய்வில் அதனால் யாதொரு பிரயோஜனமும் காணப்படவில்லை. அந்தப் பணத்தை நோயாளியின் உணவுக்குச் செலவிடுங்கள் என்றால், டாக்டருக்கு அக்கறை இல்லை என்று பெயர் வருகிறது.

மூன்றாம் நாள் தீர்ப்பு

கண் திறப்பதையும், பேசுவதையும், கைகால் அசைப்பதையும் வைத்து 3 முதல் 15 வரை எண் கொடுக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் 8 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் தீவிரக் காயம் என்கிறோம், சி.டி. ஸ்கேன் எடுக்கிறோம். பரிசோதனையைப் பற்றி உங்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஐ.சி.யு. வாசலில் முதல் நாள் கேட்கப்படும் கேள்வி மாறுவதே இல்லை: "நம்பிக்கை இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க டாக்டர்." அந்த ஒரு வார்த்தையை நாங்கள் சொல்லாமல் தயங்கும்போது, ஏதோ ஒளிக்கிறோம் என்று எண்ணி, ஊரில் பெரியவர் ஒருவரிடம் அபிப்பிராயம் கேட்டு, மூன்றாம் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டு, மூச்சுக்கு ஆம்பு பையைக் கையால் அழுத்திக்கொண்டே நோயாளியை வீட்டுக்குத் தூக்கிப் போகிறார்கள். உயிர் வீட்டில் பிரிய வேண்டும் என்ற எண்ணத்தை நான் இகழவில்லை. அது நம் குலவழக்கத்தில் ஆழ வேரூன்றியது. ஆனால் அந்த நேரத்தில் உயிர் பிரியத்தான் வேண்டுமா என்பதே இன்னும் நிர்ணயமாகாத கேள்வி அல்லவா?

இந்த அவசரம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதென்று நினைக்க வேண்டாம். கனடாவின் ஆறு பெரிய விபத்துச் சிகிச்சை மையங்களில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், தீவிர மூளைக்காயத்தால் நேர்ந்த மரணங்களில் சுமார் எழுபது சதவிகிதம், உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்த முடிவெடுத்த பின்னரே நிகழ்ந்தவை; அவற்றிலும் பாதியளவு முதல் மூன்று நாட்களுக்குள். மாறாக, அமெரிக்காவில் 2021-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இரண்டு வாரம் கழித்தும் கண் திறந்திருந்தும் பிரக்ஞை இல்லாதிருந்தவர்களில், முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் ஓராண்டுக்குள் பிரக்ஞை பெற்றனர். ஏறக்குறையக் கால்பங்கினர் தாம் யார், எங்கே இருக்கிறோம், இன்று என்ன நாள் என்று சொல்லுமளவு தெளிந்தனர். எல்லோரும் எழுந்து நடந்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருளல்ல. வயது, கண்பாவையின் நிலை, அடிபட்ட பின் இரத்த அழுத்தமும் பிராணவாயுவும் குறைந்தனவா என்பன போன்ற பல சங்கதிகள் முடிவைத் தீர்மானிக்கின்றன. ஆனால் முதல் 72 மணி நேரத்துக்குள் யாரும் தீர்ப்பெழுத வேண்டாம் என்று மூளைத் தீவிர சிகிச்சை நிபுணர்களின் சங்கம் 2015-இல் வழங்கிய ஆலோசனைக்குக் காரணம் இருக்கிறது.

ஆபரேஷன் தருவதும் தராததும்

மூளை வீங்கி அழுத்தம் மருந்துக்குக் கட்டுப்படாதபோது மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்து இடம் கொடுக்கிறோம். எடுத்த எலும்பை நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியில் பத்திரப்படுத்தி, சில மாதம் கழித்துத் திரும்ப வைப்பது இங்கே வழக்கம். அதைக் கேட்டு மயங்கி விழுந்த மாமன்மார் உண்டு. அது சிகிச்சையின் ஒரு படிதான், பயப்பட ஒன்றுமில்லை. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தால் ஆயுளுக்கும் பேச்சு போய்விடும் என்ற பயமும் வீணானது. மூச்சு சீர்பட்டதும் குழாயை எடுத்துவிடலாம், துளை மூடிக்கொள்ளும்.

ஆபரேஷனைப் பற்றிக் கேட்க வேண்டிய உண்மையான கேள்வியோ கேட்கப்படுவதே இல்லை. 2016-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், மண்டையோடு திறக்கப்பட்டவர்களில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 27 சதவிகிதம். மருந்தால் மட்டும் கவனிக்கப்பட்டவர்களில் 49 சதவிகிதம். உயிர் காக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பிரக்ஞையற்ற நிலையிலேயே நீடித்தவர்கள் பின்னதில் 2 சதவிகிதமாக இருக்க, முன்னதில் 8 சதவிகிதத்துக்கும் மேலானார்கள். உயிர் பிழைப்பார்; எப்படிப்பட்ட வாழ்க்கைக்குப் பிழைப்பார் என்பதைக் கையெழுத்துப் போடுமுன் சர்ஜனிடம் கேளுங்கள். அதைச் சொல்லாமல் காகிதத்தை மட்டும் நீட்டும் சர்ஜன் தம் வேலையில் பாதியைத்தான் செய்கிறார்.

கோமாவும் மூளைச்சாவும் ஒன்றல்ல

2002-இல் வெளிவந்த 'ரமணா' திரைப்படத்தில், இறந்தவருக்குச் சிகிச்சை அளிப்பதாக நடித்துப் பணம் பறிக்கும் காட்சியைப் பார்த்த பிறகு, வென்டிலேட்டரில் இருக்கும் எவரையும் பிணம் என்றே சந்தேகிக்கும் பழக்கம் நம் ஜனங்களிடம் வந்துவிட்டது. பணம் பறிப்பவர்கள் எங்கும் இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் கோமாவில் இருப்பவர் உயிரோடு இருப்பவர். அவரிடம் முன்னேற்றத்துக்கு இடமுண்டு. மூளைச்சாவோ, மூளைத்தண்டின் செயல் அடியோடு நின்று இனி ஒருபோதும் திரும்பாத நிலை. 1994-ஆம் ஆண்டின் உறுப்புமாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து அதை உறுதி செய்ய வேண்டும். கோமாவிலிருந்து மீண்டவர்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் கதைகளைக் காட்டி, மூளைச்சாவு அடைந்தவரை வைத்துக் காத்திருக்கச் சொல்வது பேதமை. மூளைச்சாவு பற்றிக் கேள்விப்பட்டதை வைத்து, கோமாவில் உள்ளவரை வீட்டுக்குத் தூக்கிப் போவது அதைவிடப் பெரிய பேதமை.

யாருடைய சொல் செல்லும்?

எங்கள் வராந்தாவில் அதிகம் பேசுகிறவர் நோயாளியை அதிகம் அறிந்தவர் என்று கொள்வதற்கில்லை. பெரியப்பா பேசுவார், மச்சான் பேசுவார், ஊர்த் தலைவர் பேசுவார். பத்து வருஷம் அவரோடு குடித்தனம் நடத்திய மனைவி தூணோரம் நின்றுகொண்டிருப்பாள். தாயாருக்கு விஷயமே சொல்லப்பட்டிராது. அந்த மனிதர் எதை வாழ்வென்று மதித்தார், பிறர் கையால் உண்ணும் வாழ்க்கையை ஏற்பாரா, இதைப்பற்றி எப்போதாவது ஏதேனும் சொன்னாரா என்பதைத் தூணோரம் நிற்பவளிடம்தான் கேட்க வேண்டும். 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று நாங்கள் குடும்பத்தைக் கேட்பது பிழை. 'அவருக்கு என்ன வேண்டியிருக்கும்' என்பதே கேட்க வேண்டியது.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியாயிருந்த அருணா ஷான்பாக், 1973-இல் தாக்கப்பட்டுக் கழுத்து நெரிபட்டு மூளை சிதைந்து, 2015-இல் இறக்கும்வரை அதே மருத்துவமனையின் படுக்கையில் கிடந்தார். உணவை நிறுத்த அனுமதி கோரி ஓர் எழுத்தாளர் தொடுத்த வழக்கில், அருணா சார்பில் பேசும் உரிமை இரவு பகலாக அவரைப் பேணிய செவிலியர்களுக்கும் மருத்துவமனை ஊழியர்களுக்குமே உரியது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் கூறியது. அத்தனை ஆண்டுகளில் ஒரு படுக்கைப்புண்கூட வரவிடாத கைகள் அவை. சட்ட நுணுக்கம் எப்படியாயினும், குளிப்பாட்டிய கைக்கே சொல்லுரிமை என்ற இந்த நியாயத்தை ஒவ்வொரு குடும்பமும் மனத்தில் கொள்ளலாம்.

பயனற்ற சிகிச்சையை முறைப்படி நிறுத்துவதற்கும் இப்போது வழி இருக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்து, 2023-இல் எளிதாக்கிய முறைப்படி, மருத்துவமனையின் முதல் குழுவும் இரண்டாம் குழுவும் நோயாளியின் நிலையை ஆராய்ந்து, குடும்பத்தார் சம்மதித்தால் நிறுத்தலாம். கையெழுத்துப் போட்டு ஓடிப்போவதும், வழியின்றி முடிவில்லாமல் தொடர்வதும் தவிர வேறு மார்க்கமே இல்லை என்ற காலம் போய்விட்டது. இரண்டு வாரம் முழுமுயற்சியாகச் சிகிச்சை செய்வோம், அதற்குள் இன்னின்ன மாறுதல் தெரிகிறதா பார்ப்போம், பிறகு உட்கார்ந்து பேசுவோம் என்று தவணை வைத்துக்கொள்வதையே நான் சிபாரிசு செய்வேன். பணத்தைப் பற்றியும் வெட்கமின்றிப் பேசுங்கள். நகையை அடகு வைத்துவிட்டு, நிலத்துக்கு விலை பேசிவிட்டு, வாய் திறவாமல் நிற்பவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொள்ளும் வழியை நாங்கள் எப்படிச் சொல்வது?

உறவினர் செய்யும் பரீட்சை

பிரக்ஞை திரும்புவதை முதலில் காண்பவர்கள் பெரும்பாலும் வீட்டாரே. நிபுணர்கள் பிரக்ஞை இல்லை என்று எழுதியவர்களில் ஏறத்தாழ பத்தில் நால்வருக்குச் சிறிதளவேனும் அது இருந்ததை, முறையான அளவுகோலால் சோதித்த 2009-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆகவே கவனியுங்கள், ஆனால் சரியாகக் கவனியுங்கள். உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பிடிப்பது அனிச்சைச் செயல். அதைக் கண்டு அழுது ஆனந்தப்படுகிறார்கள். 'விடு' என்றால் விடுகிறாரா, 'கட்டை விரலைத் தூக்கு' என்றால் தூக்குகிறாரா என்று பாருங்கள். முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் முகத்தெதிரே மெல்ல நகர்த்துங்கள். தம் முகத்தைக் கண் பின்தொடர்வது, வேறு பொருளைப் பின்தொடரும் முன்பே தொடங்குவதுண்டு. பெயர் சொல்லி அழையுங்கள். கண்டதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும், மூட்டுகளை மடக்கி நீட்டுவதும், வாயைத் துடைப்பதும், குழாய் வழியே கஞ்சி ஊற்றும்போதும் அதற்குப் பின் ஒரு மணி நேரமும் தலைமாட்டை உயர்த்தி வைப்பதும் உங்கள் வேலை. தீர்த்தமும் பிரசாதமும் நெற்றியோடு நிற்கட்டும், வாய்க்குள் வேண்டாம்.

ஒரு வேண்டுகோள்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு கேட்கும் தலைக்கவசம், வாரால் தலையோடு இறுகக் கட்டப்பட்டது. கைப்பிடியில் மாட்டியதும், வாரைப் பூட்டாமல் தொப்பிபோல் கவிழ்த்ததும், போலீஸ்காரரைக் கண்டபின் அணிந்துகொள்வதும் எங்கள் மேஜைக்கு வரும் தலைகளைக் காப்பதில்லை. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், வாரைப் பூட்டுங்கள். பின்னால் உட்கார்ந்து வரும் மனைவிக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அடிபட்டவரைக் கண்டால் 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது, ஆகவே பணமில்லையே என்று வழியில் நிற்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன்: பேசவும் நினைக்கவும் முடிகிற இன்றே, அப்படியொரு படுக்கையில் கிடக்க நேர்ந்தால் உங்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதை உங்களை நன்கறிந்த ஒருவரிடம் சொல்லி, உங்களுக்காகப் பேசப்போகிறவர் அவர்தான் என்பதை வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் தெரிவித்துவிடுங்கள்.