அக்கரைச் சம்பளமும் இக்கரைப் பிள்ளைகளும்



இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மாடி வீட்டைக் காட்டி, "இது துபாய்க் காசு" என்பார்கள். 2015-ல் எடுத்த தமிழ்நாடு இடம்பெயர்வு ஆய்வின்படி, நம் மாநிலத்திலிருந்து வெளிநாடு போயிருந்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். காசு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அந்த வீட்டில் அப்பா இல்லாமல் வளரும் பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். நானும் அப்படி வளர்ந்தவன்தான்.

"குடும்பத்தையும் கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருந்தால்தான் குடும்பத்துக்கு விசா. சித்தாள் வேலைக்கும் கிளீனிங் வேலைக்கும் போகிறவருக்கு அந்தச் சம்பளம் ஏது?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவு என்றால், பத்து வருடத்தில் பிள்ளை அப்பாவோடு இருப்பது பத்தே மாதம்! நடுவில் வரவும் முடியாது, கடன் இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜெண்டு 30,000 ரூபாயும் வரியும்தான் வாங்கலாம் என்பது விதி. ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அப்பா சவூதி போனபோது அடகுக்குப் போன அம்மாவின் சங்கிலி, இரண்டு வருடம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தது.

கிளம்பும்போது அப்பா மூத்த பையனிடம், "இனிமே வீட்டுக்கு ஆம்பள நீதான்டா" என்று சொல்லிவிட்டுப் போவார். பத்து வயசுப் பையன் அதை நிஜமென்றே எடுத்துக்கொள்வான். ரேஷன் கடை, பேங்க் சலான், தங்கச்சியின் ஸ்கூல் எல்லாம் அவன் தலையில். சின்னதுகள் லீவில் வந்த அப்பாவைக் கண்டு அம்மா முந்தானைக்குள் ஒளியும். அது பழகி மடியில் ஏறும் நேரம் லீவு முடிந்திருக்கும்.

இப்போது வீடியோ கால் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் போனில் நல்ல சேதி மட்டும்தான் பேசுவோம். தம்பிக்குக் காய்ச்சல் என்றால், "அப்பாகிட்ட சொல்லாத, பாவம் அங்க தவிச்சுப் போவாரு" என்பார் அம்மா. அங்கே மூன்று மாதச் சம்பளம் வராததை அப்பா சொல்லமாட்டார். இரண்டு பக்கமும் பாசத்தால்தான் மறைக்கிறோம். கடைசியில் ஒருவர் கஷ்டம் மற்றவருக்குத் தெரியாமலே போகிறது.

அப்படி மறைந்து கிடப்பதில் முக்கியமானவை காகிதங்கள். பத்தாவது பாஸாகாதவர் பாஸ்போர்ட் பொதுவாக இ.சி.ஆர். வகை (கிழக்குக் கடற்கரைச் சாலை அல்ல!). அவர்கள் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். அதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்சூரன்ஸும் எடுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பத்தாவது தாண்டியவன் நான். அந்தத் தாளைப் படித்துச் சொல்லும்வரை, இப்படி ஒன்று இருப்பதே அம்மாவுக்குத் தெரியாது.

அப்பா வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் பாஸ்போர்ட் நகல், வேலை ஒப்பந்தம், இன்சூரன்ஸ் நம்பர் மூன்றையும் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். எதற்குடா என்று அவர் பயந்தால், "காலேஜ்ல கேட்டாங்கப்பா" என்று சொல்லிக்கொள்ளலாம்.