ஒரே தேதியில் இரண்டு புயல்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், "வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு" என்று செய்தியில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். நாமும் "வருஷா வருஷம் வர்றதுதானே!" என்று அடுப்படி வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால் காலண்டரில் நவம்பர் 12 வந்தால் எனக்கு மனசு திக்கென்கும். இதே தேதியில், ஏழு வருஷ இடைவெளியில், வங்கக் கடலிலிருந்து இரண்டு பெரும் புயல்கள் கரையேறியிருக்கின்றன.

முதலாவது 1970-ல். அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய பங்களாதேஷில், போலா தீவுப் பக்கம். ராத்திரி நேரம், கடல் ஏறி வரும் வேளை, புயலும் சேர்ந்துகொண்டது. இருபது அடிக்கும் மேல் எழும்பிய தண்ணீர் தாழ்வான தீவுகளை மூடிவிட்டது. மூன்று லட்சம் பேராவது இறந்திருப்பார்கள். உலகத்தில் இதைவிட அதிக உயிர் குடித்த புயல் பதிவாகவில்லை.

பிற்பாடு மருத்துவக் குழுவினர் ஊர் ஊராகப் போய் விசாரித்தார்கள். இறந்தவர்களில் பாதிக்கு மேல் பத்து வயது நிரம்பாத குழந்தைகள். பெரியவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். பிழைத்தவர்கள் பலருக்கு மார்பிலும் கைகளின் உட்பக்கத்திலும் தோல் உரிந்திருந்தது. மரத்தைக் கட்டிப்பிடித்தே உயிர் தப்பியவர்கள் அவர்கள். கையில் குழந்தை உள்ளவள் மரத்தை எப்படிப் பிடிப்பாள், சொல்லுங்கள்!

இத்தனைக்கும் புயல் வருகிறது என்று அங்கே பெரும்பாலோருக்குத் தெரிந்தே இருந்தது. பத்திரமான கட்டடத்துக்குப் போனவர்கள்தான் மிகச் சொற்பம்.

இரண்டாவது 1977-ல், நம் நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே. இதுவும் விடிவதற்கு முன்பே வந்தது. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை வரை மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. 560 பேர் இறந்தார்கள். சுமார் பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள்.

பங்களாதேஷில் 1972-லிருந்து புயல் எச்சரிக்கைத் தொண்டர் படை வேலை செய்கிறது. இன்று அதில் சுமார் 76,000 பேர். பாதிப் பேர் பெண்கள். பெண்ணே வாசலில் வந்து "கிளம்பு தாயி" என்றால் பெண்கள் கிளம்புவார்கள் அல்லவா?

நம் வீட்டிலும் அந்தத் தொண்டர் நாம்தான். கடலோரத்திலோ தாழ்வான இடத்திலோ இருக்கிற சகோதரிகள் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்:

போகவேண்டிய இடத்தை மழைக்காலத்துக்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். கிளம்பச் சொன்னால் பகல் வெளிச்சத்திலேயே கிளம்புங்கள். "அவர் வரட்டும், மாட்டைக் கட்டிட்டு வர்றேன்" என்று இருட்டும்வரை காத்திருக்காதீர்கள்.

ரேஷன் கார்டு, ஆதார், மாத்திரை, குழந்தைத் துணி, டார்ச், குடிதண்ணீர், பொரி, பிஸ்கட் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். காகிதங்களை பிளாஸ்டிக் கவரில் சுற்றுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். நல்ல தண்ணீர் கிடைக்காத இடத்தில் புட்டிப்பால் ஆபத்து.

காற்று திடீரென்று நின்றால் புயல் போய்விட்டது என்று வெளியே வராதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.

உதவிக்கு 1070, உங்கள் மாவட்டத்துக்கு 1077. இந்த இரண்டு எண்களையும் இன்றைக்கே காலண்டர் அட்டையில் எழுதி வையுங்கள். குழந்தைகளுக்கும் மனப்பாடமாகட்டும்.