உயிர்க்கலமும் இழுவிசையும்

மென்சவ்வினாற் சூழப்பட்ட கூழ்போன்றதொரு பொருளே உயிர்க்கலம் என நெடுங்காலம் கருதப்பட்டது. பாடநூற் படங்களும் அவ்வெண்ணத்தையே வளர்த்தன. ஆயின், குழியவுருவினுள்ளே புரத இழைகளாலான கட்டமைப்பொன்று உளது. அதனைக் குழியவன்கூடு என்பர். 'வன்கூடு' என்னும் பெயர் அத்துணைப் பொருத்தமன்று. எலும்புக்கூடு போல் நிலைத்து நில்லாது, ஓயாது கட்டப்பட்டும் கலைக்கப்பட்டும் வருவது அது.

ஏறத்தாழ 7 நனோமீற்றர் தடிப்புள்ள அக்தின் இழைகள், 25 நனோமீற்றர் விட்டமுள்ள நுண்குழாய்கள், இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பருமனுள்ள இடைநிலை இழைகள் என மூவகை உறுப்புக்கள் இதில் உள. இழுவிசையைப் பெரிதும் தோற்றுவிப்பது அக்தினும் மயோசினும் சேர்ந்த சேர்க்கையே. தசையைச் சுருக்கும் அதே வகைப் புரதங்கள் ஏனைய கலங்களிலும் தொழிற்படுகின்றன. இழைகளின் முனைகள் கலத்தின் அடியிலுள்ள ஒட்டிடங்களிற் பிணைக்கப்பட்டிருத்தலின், கலம் தான் தங்கிய தளத்தையும் பற்றி இழுக்கிறது.

இதனைக் கண்ணாற் காணச் செய்தவர் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்து அல்பேட் ஹரிசும் அவர்தம் துணைவருமாவர். 1980 இல் அவர் வெளியிட்ட முறை மிக எளிது. சிலிக்கோன் நெய்மத்தின் மேற்பரப்பிற்குக் கணப்பொழுது தீச்சுவாலையைக் காட்டினர். காய்ச்சிய பாலின் ஏடுபோல மெல்லிய இறப்பர்ப் படலம் மேலே தோன்றியது. அதன்மீது தொடுப்பிழையக் கலங்களை வளர்த்தபோது, கலங்களின் கீழே படலம் சுருங்கி மடிப்புக்கள் விழுந்தன. விலைமிக்க அளவுகருவி வேண்டப்படவில்லை, மடிப்புக்களே சான்றாயின.

வியப்புக்குரியது விசையின் அளவே. நகர்வதற்கு வேண்டியதிலும் அது மிகப் பெரிது. விரைந்து செல்லும் வெண்குருதிக் கலங்களோ மிகக் குறைவாகவே இழுக்கின்றன. அவ்வாறாயின் தொடுப்பிழையக் கலம் எதன்பொருட்டு இவ்வாறு வலிந்து இழுக்கிறது? சூழவுள்ள கொலாசன் நார்களை இழுத்து ஒழுங்குபடுத்துதற்கே என்பது அக்குழுவினர் 1981 இற் கூறிய விடை. ஆறும் புண்ணின் விளிம்புகள் நெருங்குவதை நோக்குவார்க்கு இவ்விடை ஏற்புடைத்தாகும். அவ்விழுவை அளவு கடப்பின், தீப்புண் ஆறிய பின்னர் மூட்டு மடங்கியே நின்றுவிடுதலும் உண்டு.

கலம் முழுவதையும் இழுகயிறுகளும் தாங்குகோல்களும் கொண்ட கூடாரம் போன்றதாகக் காண்பவர் டொனல்ட் இங்பர். உவமை பயனுடையதே. எனினும், கூடாரக் கயிறுகள் தாமே கரைந்து தாமே முளைப்பதில்லை என்பதை மறத்தலாகாது.

கலம் இழுப்பதோடு அமையாது, தளம் எவ்வளவு இணங்குகிறது என்பதையும் அறிகிறது. 2006 இல் அடம் எங்கிளரும் டெனிஸ் டிஷரும் துணைவரும் ஒரே வகை முதற்கலங்களை வேறுபட்ட விறைப்புள்ள களித்தளங்களில் வளர்த்தனர். மூளைபோல் மென்மையான தளத்தில் அவை நரம்புக்கலத்தின் இயல்பையும், தசையளவு விறைப்பான தளத்தில் தசையின் இயல்பையும், அதனினும் கடினமான தளத்தில் எலும்புக்கலத்தின் இயல்பையும் காட்டத் தொடங்கின. மயோசினின் தொழிலைத் தடுத்தவிடத்து இவ்வேறுபாடு தோன்றவில்லை.