வளவில் ஒரு கொன்றை மரம்

“பூ வைக்காத உனக்கு ஏன் பிள்ளை பூமரம்?”

கிளிநொச்சி மாவட்டத்தின் கிராமம் ஒன்றில் ஓர் அக்காவிடம் அவருடைய மாமியார் கேட்ட கேள்வி இது. போரில் கணவனை இழந்து, 2010 இல் இரண்டு பிள்ளைகளுடனும் மாமியாருடனும் சொந்தக் காணிக்குத் திரும்பியவர் அவர். தறப்பாள் கட்டிய வளவில் நிழலுக்கு ஒரு மரம்கூட மிஞ்சியிருக்கவில்லை. விறகுக்குப் போன இடத்தில் கண்ட கொன்றைக் காய் ஒன்றை எடுத்து வந்து விதை போட்டார். அதற்குத்தான் இந்தக் கேள்வி.

கணவனை இழந்த பெண்ணிடமிருந்து பூவையும் பொட்டையும் பறிப்பது எமது சமூகத்தில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. தலைக்கு விதித்த தடை வளவு வரைக்கும் நீண்டதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. “சிவனுக்கு வைக்கிற பூதானே மாமி” என்று அக்கா சமாளித்துவிட்டார். என்னைக் கேட்டால் அந்தப் பதில்கூடத் தேவையில்லை. பார்க்க அழகாக இருக்கிறது என்பதே போதிய காரணம்.

கொன்றை எங்கள் வரண்ட வலயத்துக்கே உரிய மரம். நல்ல வெயில் வேண்டும், வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. வெள்ளம் நிற்கும் காணியென்றால் மண்ணை மேடாக்கி நடுங்கள். முப்பது நாற்பது அடி உயரத்துக்கு வளரக்கூடியது என்பதால் வீட்டுக்கும் கிணற்றுக்கும் சற்றுத் தள்ளி இடம் பாருங்கள்.

விதையின் தோல் மிகவும் கடினமானது. அப்படியே புதைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். கரடான கல்லில் ஒரு பக்கத்தை இலேசாகத் தேய்த்து, ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்துப் போட்டால் விரைவில் முளைக்கும். காய்க்குள் இருக்கும் கறுப்புச் சதை இனிப்பாக இருந்தாலும் வயிற்றோட்டத்தைக் கொடுக்கும், சிறுபிள்ளைகள் கவனம்.

கன்றை ஐப்பசி, கார்த்திகை மழையோடு நடுவது நல்லது. இரண்டடிக் குழியில் மக்கிய மாட்டெருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்புங்கள். மீள்குடியேறிய காணியென்றால், கண்ணிவெடி அகற்றப்பட்ட இடம்தானா என்று உறுதிப்படுத்தாமல் அலவாங்கைத் தொட வேண்டாம். சந்தேகமான பொருள் தட்டுப்பட்டால் கை வைக்காமல் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

முதல் இரண்டு கோடைக்கும் கிழமையில் இரு தடவை தண்ணீர் போதும். அடியில் பொச்சுமட்டையைப் பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும். ஆடு வராமல் நாலு கதியால் நட்டு அடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு பெரிதாக வேலை இல்லை. கிளை கழிப்பதென்றால் பூத்து முடிந்த கையோடு, அளவாகக் கழியுங்கள்.

அக்காவின் மரத்துக்கு உண்மையான ஆபத்து நான்காம் வருடப் பங்குனியில் வந்தது. இலை முழுவதும் கொட்டிவிட்டது. “மரம் பட்டுப்போச்சு, விறகுக்காவது ஆகட்டும்” என்று பக்கத்து வளவு ஐயா கத்தியோடு வந்துவிட்டார். அக்கா நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தார். உள்ளே பச்சை! “நிக்கட்டும் ஐயா” என்று திருப்பி அனுப்பினார். கோடையில் இலை உதிர்ப்பது கொன்றையின் இயல்பு. பூ வருவதும் அதற்குப் பிறகுதான்.

அடுத்த வருடம் பச்சைப் புழுக்கள் இலையை அரித்தன. நஞ்சு தெளிக்கச் சொன்னார்கள். அதுவும் வேண்டாம். மஞ்சளும் வெள்ளையுமாகக் கூட்டம் கூட்டமாகப் பறந்து போகின்றனவே, சிவனொளிபாதமலைக்குப் போகின்றன என்று சனங்கள் சொல்லும் வண்ணத்துப்பூச்சிகள், அவற்றில் பல கொன்றை இலை தின்று வளர்ந்தவைதான். மரம் மறுபடி துளிர்த்துவிடும், அக்காவின் மரமும் துளிர்த்தது.

2017 சித்திரையில் முதற் பூ. விதையில் வளர்ந்த மரத்துக்கு இவ்வளவு காலம் எடுப்பது வழமை. ஒன்றரை அடிச் சரங்கள், வளவு முழுக்க மஞ்சள். சிங்களத்தில் ‘எஹெல’ எனப்படும் இதே மரம் தெற்கிலும் வெசாக்கை அண்டிப் பூக்கிறது.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் அங்கே போயிருந்தேன். மாமியார் கோயிலுக்கென்று கடகத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்தார். உயரக் கொப்பை வளைத்துப் பிடித்துக் கொடுத்தவர் அக்கா.