முதல் கிட்டார் வாங்கப் போறீங்களா? பழவேற்காடு உப்புக்காத்துக்கு எது தாங்கும்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக்கூட லீவும் கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் வருது. "கிட்டார் கத்துக்கணும்" என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்க ஆரம்பிப்பதும் அப்போதுதான். தமிழக அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். ஓரளவு நம்பி வாங்கக்கூடிய புது கிட்டாரின் விலையும் ஏறக்குறைய அதே அளவுதான்!

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில், பாடு முறைப்படி தங்கள் முறை வரும் நாளை நம்பியிருக்கும் குடும்பங்கள் உண்டு. தப்பான கிட்டாரை வாங்கிட்டு, 'சரி, இன்னொண்ணு வாங்கிக்கலாம்' என்று அங்கே சுலபமாகச் சொல்லிவிட முடியாது. கிட்டார் வாங்குவது எப்படி என்று ஆயிரம் வீடியோ இருக்கு. பெரும்பாலும் ஏசி ரூமில் உட்கார்ந்து பேசுகிற வீடியோக்கள். பக்கத்தில் உவர்நீர் ஏரி, கூப்பிடு தூரத்தில் கடல் என்று இருக்கும் ஊருக்குக் கணக்கே வேற.

ஸ்டீல் கம்பியா? நைலான் கம்பியா?

முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான். கடைகளில் அதிகம் விற்பது ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டார். சத்தம் கணீர்னு இருக்கும். சினிமாப் பாட்டுக்கும், தேவாலயத்தில் கூட்டமாகப் பாடும்போதும் எடுபடும். ஆனால் உப்புக்காற்று பட்டால் அந்தக் கம்பி சீக்கிரமே துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி சுருதியிலும் நிற்காது, விரலையும் கீறும்.

நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் கீழே இருக்கும் மூன்று கம்பிகளும் வெறும் நைலான். தூண்டில் நரம்பு மாதிரிதான், துருவே கிடையாது. மேலே இருக்கும் மூன்றில் உலோக இழை சுற்றியிருப்பதால் கறுத்துப்போகும், அவ்வளவுதான். இன்னொரு வித்தியாசம் இழுவிசை. ஸ்டீல் கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். நைலானில் சுமார் 40 கிலோதான். அதனால் விரல் வலி குறைவு, மரத்துக்கும் பாரம் குறைவு.

வலை இழுத்து உள்ளங்கை காய்ச்சுப்போனவர்களுக்கு விரல் வலிக்காதே என்று நினைக்கலாம். ஆனால் கிட்டாரில் காய்க்க வேண்டியது இடது கை விரல் நுனி. அது எல்லோருக்கும் புதுசுதான்! இரண்டு மூன்று வாரம் வலிக்கும். பலர் விட்டுவிடுவதும் அந்த வாரங்களில்தான்.

எங்கள் கருத்தைக் கேட்டால், ஏரிக்கரை வீட்டில் கற்றுக்கொள்ளப் போகும் பிள்ளைக்கு நைலான்தான் சரி. குறை இல்லாமல் இல்லை. கழுத்துப்பகுதி அகலம், சத்தம் மென்மை. 'எனக்கு ஸ்டீல்தான் வேணும்' என்றால் தாராளமாக வாங்குங்க. கம்பி மாற்ற மட்டும் தனியாகக் காசு ஒதுக்கிடுங்க. ஒண்ணே ஒண்ணு... நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பியை மாட்டிடாதீங்க. அந்த இழுவிசை தாங்காமல் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

பிளைவுட் என்றால் மட்டமா?

'சாலிட் டாப்', அதாவது மேல்பலகை முழுதும் ஒரே மரம் என்றால் உசத்தி என்று சொல்வார்கள். ஓசைக்கு அது உண்மை. ஆனால் கிட்டாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். கடலோரக் காற்று அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஈரம் குடித்த பலகை உப்பும், கம்பி மேலே ஏறும், அழுத்துவது கஷ்டமாகும். மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்த பிளைவுட் பலகை இந்த விஷயத்தில் பொறுமைசாலி. முதல் கிட்டாருக்கு, அதுவும் இந்த ஊருக்கு, அது போதும். விலையும் குறைவு.

ஏடிஎம் கார்டு டெஸ்ட்

பிராண்டைவிட முக்கியமானது கம்பிக்கும் கழுத்துப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. இதை 'ஆக்‌ஷன்' என்பார்கள். அளக்க ஸ்கேல் தேவையில்லை. ஓர் ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். மூன்று கார்டுகளை அடுக்கி, 12-வது ஃப்ரெட்டில் இருக்கும் தடித்த கம்பிக்கு அடியில் நுழைத்துப் பாருங்க. ஸ்டீல் கிட்டாரில் மூன்று கார்டு சரியாக நுழைந்தால் நல்லது. ஐந்து கார்டு லூசாக நுழைந்தால் அந்தக் கிட்டார் பிள்ளையின் கையை ஒரு வழி பண்ணிடும். நைலானில் இடைவெளி கொஞ்சம் கூடுதலாக இருப்பது இயல்பு, நான்கைந்து கார்டு வரை போகலாம்.

அடுத்து சுருதி. போனில் இலவச ட்யூனர் ஆப் போட்டுக்குங்க. கம்பியைச் சும்மா மீட்டினால் என்ன எழுத்து காட்டுகிறதோ, 12-வது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினாலும் அதே எழுத்து காட்டணும். ஒரு ஸ்தாயி மேலே, அவ்வளவுதான் வித்தியாசம். தள்ளிப்போனால் வாங்காதீங்க. எவ்வளவு சரியாக வாசித்தாலும் அபஸ்வரமாகத்தான் கேட்கும். பாவம், கத்துக்கிற பிள்ளை தப்பு தன்மேல்தான் என்று நினைச்சுக்கும்.

'அண்ணே, இதை செட்டப் பண்ணித் தருவீங்களா?' என்று கடையில் தயங்காமல் கேளுங்க. கம்பி உயரத்தைக் குறைப்பது தெரிந்தவர்களுக்குச் சின்ன வேலை. ஆன்லைனில் வாங்கினால் இதைச் செய்து தர ஆள் கிடையாது. 3,000 ரூபாய்க்குள் வரும் 38 இஞ்ச் கிட்டார்களில் சிக்கலே இதுதான். முடிந்தால் பொன்னேரியில் புறநகர் ரயில் ஏறி சென்னைக்குப் போய், நேரில் வாசித்துப் பார்த்து வாங்குங்க. அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் 1842-ல் தொடங்கிய கடை. அங்கேதான் வாங்கணும் என்று சொல்லவில்லை. வாசிக்கத் தெரிந்த ஓர் ஆளைக் கூட்டிட்டுப் போறதுதான் முக்கியம்.

சைஸ், எலெக்ட்ரிக், யுகுலேலே

எட்டு வயதிலிருந்து பதினொன்று வரையிலான பிள்ளைகளுக்கு முக்கால் சைஸ் போதும். அதற்கு மேல் முழு சைஸ். தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையைப் பார்த்துவிட்டு எலெக்ட்ரிக் கேட்பவர்களும் உண்டு. ஆம்ப், வயர் என்று செலவு இரட்டிப்பாகும், துருப்பிடிக்க இரும்பும் அதிகம். இப்போதைக்கு வேண்டாம்.

கையில் 2,000 ரூபாய்தான் இருக்கு என்றால் மட்டமான கிட்டாரைவிட யுகுலேலே நல்லது. நான்கே கம்பி, எல்லாம் நைலான். பழவேற்காட்டில் 1515-ல் மகிமை மாதா ஆலயத்தைக் கட்டிய அதே போர்ச்சுகீசியர்களின் நாட்டு வாத்தியத்திலிருந்து பிறந்ததுதான் இதுவும். 1879-ல் மதேய்ரா தீவிலிருந்து ஹவாய்க்குப் போனவர்கள் கொண்டுபோனது.

பழைய கிட்டார் வாங்கலாமா?

தாராளமா. பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு பேப்பர் முனையைச் சொருகிப் பாருங்க. உள்ளே போனால் பசை விட்டுப்போச்சு என்று அர்த்தம். கழுத்துப்பகுதியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்க, முறுக்கியிருக்கக் கூடாது. கம்பி முறுக்கும் சாவிகளில் துரு இருக்கான்னு திருகிப் பாருங்க. கம்பி துருப்பிடித்திருந்தால் கவலை வேண்டாம், மாத்திக்கலாம்.

வாங்கிய பிறகு, வாசித்து முடித்ததும் ஒவ்வொரு முறையும் காய்ந்த பருத்தித் துணியால் கம்பியைத் துடைக்கணும். உப்பு காற்றில் மட்டுமில்லை, வியர்வையிலும் இருக்கு. சுவரில் மாட்டி அழகு பார்க்காமல் பைக்குள் வையுங்க, கூடவே செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்க. தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பரணில் வைத்தால் சூட்டில் பசை இளகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கம்பி உயர்ந்த மாதிரி தெரிந்தால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். தை வெயிலில் பையைத் திறந்து, நிழலில் நான்கு நாள் வைத்துவிட்டு மறுபடி கார்டு போட்டு அளந்து பாருங்க.