பத்திரிகைக்கும் உண்டு நல்ல நேரம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

தினசரிக் காலண்டரின் ஒவ்வொரு தாளிலும் 'நல்ல நேரம்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பேச்சுக்கும் கடை திறப்புக்கும் பெரியவர்கள் அதைப் பார்ப்பார்கள். அச்சில் வரும் எதற்கும் அப்படி ஒரு நல்ல நேரம் உண்டு, தோழியரே! ஆனால் அதைக் கணிப்பவர் சோதிடர் அல்லர், அதை வெளியிடுபவர்தான். எழுதியவர் எப்போது எழுதி முடித்தார், அச்சகத்தார் எப்போது அச்சடித்து முடித்தார் என்பதெல்லாம் அங்கே பெரிதில்லை. படிக்கிறவரின் கை எப்போது ஒழியும் என்பதே கணக்கு.

முதலில் அந்தக் காலண்டரையே எடுத்துக்கொள்வோம். நமது பக்கத்து மாவட்டத்திலுள்ள சிவகாசியில் காலண்டர் அச்சிடுவோர், அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்களை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது வழக்கம். அது ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் வரும். ஜனவரிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே, ஏன் இந்த அவசரம் என்று தோன்றும். கடைக்காரர் படத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும்; தம் கடையின் பெயரையும் முகவரியையும் அச்சிடச் சொல்ல வேண்டும்; அது டிசம்பருக்குள் வந்து சேர்ந்து வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் ஏற வேண்டும். ஜனவரி பத்தாம் தேதி வருகிற காலண்டர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு ஆணி கிடைக்காது. அந்த ஆணியில் வேறொரு கடையின் காலண்டர் தொங்கிக்கொண்டிருக்கும்.

நாளிதழ்களுக்கு மாதக் கணக்கு இல்லை, மணிக் கணக்குதான். நாளிதழ் என்றாலே காலைக் காப்பியோடு வருவது என்று நாம் நினைக்கிறோம். முற்காலத்தில் அப்படி இருக்கவில்லை. 'தி ஹிண்டு' 1878-இல் வார இதழாகப் பிறந்தது, புதன்கிழமைதோறும் வந்தது. 1883-இல் வாரத்துக்கு மூன்று முறை ஆயிற்று. 1889-இல் நாளிதழானபோதும் மாலை நேர இதழாகவே வந்தது. 1940-இல்தான் அது காலை இதழாயிற்று. நீதிமன்றமும் அலுவலகமும் முடிந்து வீடு திரும்பும் வக்கீல்களுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் பத்திரிகையை விரித்துப் படிக்க மாலைதானே வாய்க்கும்? தமிழில் ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் தொடங்கிய 'சுதேசமித்திர'னும் வார இதழாக இருந்து 1899-இல்தான் நாளிதழாயிற்று.

காலை இதழின் நேரத்தைத் தீர்மானிப்பது டீக்கடை என்று சொன்னால் சிரிப்பீர்கள். விடியற்காலையில் பால் காய்ந்து முதல் டீ ஆற்றும்போது பெஞ்சில் பத்திரிகை கிடக்க வேண்டும். ஒரே பத்திரிகையை அங்கே எத்தனையோ பேர் பக்கம் பக்கமாகப் பிரித்துப் படிப்பார்கள். கேட்டவர்க்குப் படித்துக் காட்டுவோரும் உண்டு. 1942-இல் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார், அப்படிப்பட்ட வாசகர்களுக்காகவே எளிய பேச்சுத் தமிழில் செய்திகளை எழுதச் செய்தார். ஆனால் தமிழ் எளிமையாக இருந்து பயன் என்ன, பத்திரிகைக்கட்டு ஒன்பது மணிக்கு வந்து இறங்கினால்? அதற்குள் பெஞ்சு காலியாகிவிடும். எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள்.

அதனால்தான் பத்திரிகைகள் ஒரே ஊரில் அச்சடிப்பதை விட்டுப் பல ஊர்களில் அச்சடிக்கத் தொடங்கின. 'தி ஹிண்டு' 1963-இல் பத்திரிகைக்கட்டுகளை வெளியூர்களுக்குக் கொண்டுசெல்லச் சொந்த விமானங்களையே பயன்படுத்தியது. 1969-இல் பக்கத்தின் நகலையே தொலைவிலுள்ள அச்சகத்துக்கு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. வெறும் சில மணி நேரத்துக்காக விமானமா என்று வியக்கலாம். அந்தச் சில மணி நேரத்தில்தான் பத்திரிகை பழைய தாளாகிவிடுகிறது!

நம் கடையநல்லூரிலிருந்து திருநெல்வேலி ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அங்கே அச்சாகும் நாளிதழ் விடியுமுன் இங்கே வர வேண்டுமானால் நள்ளிரவையொட்டியே பக்கங்களை முடித்தாக வேண்டும். தொலைவிலுள்ள ஊர்களுக்கான பிரதிகளை முதலிலும் நகரத்துக்கான பிரதிகளைக் கடைசியிலும் அச்சடிப்பார்கள். ஆகவே, இரவு வெகுநேரம் நீண்ட கிரிக்கெட் ஆட்டத்தின் முடிவு நகரத்தார் படிக்கும் பத்திரிகையில் இருக்கும்; தொலைதூர ஊருக்கு வரும் அதே பத்திரிகையில் பாதி ஆட்டத்தோடு நின்றிருக்கும். என் தம்பி இதைப் பத்திரிகைக்காரரின் சோம்பேறித்தனம் என்கிறான். முழு முடிவுக்காகக் காத்திருந்தால் பத்திரிகை அவன் பள்ளிக்குப் போன பிறகுதான் வரும் என்பது அவனுக்குப் புரியவில்லை.

மாலை இதழ்களின் கதை வேறு. 'மாலை முரசு' 1959-இல் நம் திருநெல்வேலியில் தொடங்கியது. காலையில் நடந்ததை அன்றே அச்சில் பார்ப்பது அதன் சிறப்பு. தறியில் உட்கார்ந்தவர் இடையில் எழுந்து பத்திரிகை புரட்ட முடியாது, மாலையில்தான் முடியும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கும் அதுவே நேரம். நம் பெற்றோருக்கு மாலைப் பத்திரிகை என்றால் வேறொன்றும் நினைவு வரும். எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு முடிவு வரும் நாளில், தேறியவர்களின் பதிவெண்கள் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக அதில் வருமாம். பத்திரிகைக்கட்டு இறங்கும் இடத்தில் பிள்ளைகள் கூட்டமாக நிற்பார்கள். தன் எண்ணைக் கண்டவள் ஓடுவாள். காணாதவள் அச்சுப்பிழையாக இருக்குமோ என்று மறுபடியும் தேடுவாள் என்று அம்மா சொல்வார்கள். இப்போது அறிவித்த மணிக்கு முடிவு கைபேசியிலேயே வந்துவிடுகிறது. கூட்டம் இல்லை, நெஞ்சு படபடப்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

வார இதழுக்கு மணி முக்கியமில்லை, கிழமை முக்கியம். 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகக் 'கல்கி'யில் வாரந்தோறும் வந்தது. கிழமை தவறாமல் வந்ததால்தான் வாசகர்கள் எதிர்பார்த்துக் காத்திருக்க முடிந்தது. நினைத்த நாளில் வருவதற்கு யார் காத்திருப்பார்கள்?

நம் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. இங்கே பல வீடுகளில் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் வளைகுடாவில். ஊர்ச் செய்தியை இரவு ஒன்பது மணிக்குக் கைபேசியில் அனுப்பினால் துபாயில் மணி ஏழரை. அங்கே வேலை முடிந்து படிப்பார்கள். சிங்கப்பூரிலோ பதினொன்றரை, தூங்கியிருப்பார்கள். சவூதியில் வெள்ளிக்கிழமை விடுமுறை, சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை. இரு சாராருக்கும் ஒரே நேரம் பொருந்தாது. உதவி கேட்டு அனுப்பும் செய்தியானால் இருவருக்கும் அவரவர் நேரத்தில் தனித்தனியே அனுப்புவதே நல்லது என்பது என் எண்ணம்.

இனி நம் பள்ளி மலருக்கு வருகிறேன். ஆண்டு விழாப் படங்களும் சேர வேண்டும் என்று காத்திருப்பதால் மலர் அச்சாகிக் கைக்கு வருவதற்குள் கோடை விடுமுறை வந்துவிடுகிறது. ஜூன் மாதம் திறந்து பார்க்கையில் பத்தாம் வகுப்பு அக்காமார் இருப்பதில்லை. சிலர் வேறு பள்ளியில் பதினோராம் வகுப்புச் சேர்ந்திருப்பார்கள். சிலருக்குப் படிப்பே நின்றிருக்கும். பள்ளியின் கடைசி நினைவாக மலரை வைத்துக்கொள்ள வேண்டியவர்களுக்கே அது கிடைப்பதில்லை. ஓர் ஆண்டின் மலரில் அந்த ஆண்டு முழுவதும் இருக்க வேண்டாமா என்று சிஸ்டர் கேட்பது நியாயமே. ஆனால் விழாப் படங்கள் அடுத்த மலரில் வந்தாலும் கெட்டுப்போகாது. பிரிந்துபோகும் மாணவி அடுத்த ஆண்டு வர மாட்டாள்.

பொதுத்தேர்வு பெரும்பாலும் மார்ச்சில் தொடங்கும். எனவே ஜனவரிக் கடைசியில் மலர் கைக்கு வர வேண்டும். அதற்குக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் பிழை திருத்தி முடித்திருக்க வேண்டும். நவம்பர் நடுவில் பக்கங்கள் அச்சகத்துக்குப் போக வேண்டுமானால் கட்டுரைகள் தீபாவளிக்கு முன்பே சேர வேண்டும். இந்தக் கட்டுரையை அப்படித்தான், தீபாவளி விடுமுறை விடுவதற்கு நான்கு நாள் முன்னதாகத் தமிழ் ஆசிரியையிடம் கொடுத்திருக்கிறேன்.